பின் இருக்கை

ஜைனுலாப்தீன் ராவுத்தரின் வாடகைக் காரை எட்டு வருஷமாக ஓட்டிவந்த பிச்சைமுத்து, அதன் பின்சீட்டில் ஒருநாள்கூட உட்கார்ந்ததில்லை. தினமும் விடிந்ததும் அந்தச் சீட்டைத் துடைப்பார். மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்காமலிருக்கத் தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டுத் தேய்ப்பார். சீன முதலாளிகளான தவ்கேமார், தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணிமார், பினாங்கில் கப்பலேறப் போகிறவர்கள் என்று எத்தனையோ பேரை அதில் ஏற்றி இறக்கியிருக்கிறார். ஆனால் அதில் உட்கார்ந்து போனால் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய நாள் 1927 தை மாதம் வந்தது.

முந்தின மார்கழியில் பேராக் முழுக்க வெள்ளம். ஈப்போவில் கிந்தா ஆறு கரை தாண்டி லாகாட் ரோட்டுக் கடைகளுக்குள் புகுந்து, அரிசி மூட்டைகளை ஊறவைத்துவிட்டுப் போனது. அங்கே ராவுத்தருக்கு இருந்த மளிகைக் கடைச் சுவரில் தண்ணீர் நின்ற கோடு இடுப்பு உயரத்தில் இன்னும் தெரிந்தது. தெற்கே, கடலோரத்தில் நிலைமை இன்னும் மோசம். பிச்சைமுத்துவின் மகள் பாப்பா ஹுத்தான் மெலிந்தாங் பக்கம் ஒரு தென்னந்தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். மருமகன் ஐயாவு அங்கே கொப்பரை காயவைக்கும் கொட்டகையில் வேலை. அவன் கருவாட்டு வியாபாரி ஒருவரிடம் சொல்லியனுப்பிய சேதி பொங்கலுக்கு மறுநாள் வந்தது. கிணற்றுத் தண்ணீர் கெட்டுவிட்டது. ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் காய்ச்சல். பேறுகாலம் பார்க்கிற கிழவி அவள் மகனோடு வேறு தோட்டத்துக்குப் போய்விட்டாள். பாப்பாவுக்கு எட்டாம் மாதம் பிறக்கப்போகிறது. மாமா வந்து கூட்டிக்கொண்டு போனால் நல்லது.

கூட்டிக்கொண்டு வருவதில்தான் சங்கடம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பாப்பா ஏழு மாதமாக இருந்தபோது கொப்பரை லாரியில் தெலுக் ஆன்சன் வரை வந்து, அங்கிருந்து ரயிலேறினாள். தாப்பா ரோடு ஸ்டேஷனில் ரயில் மாறக் காத்திருந்தபோதே வலி கண்டுவிட்டது. பிள்ளை தங்கவில்லை. "அடுத்த தடவ இந்தப் புள்ள குலுங்கவே கூடாது," என்று ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் சொல்லியிருந்தார். இப்போது ரயில் பாதையும் பல இடங்களில் அரித்துக் கிடந்தது. ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து ஈப்போவுக்கு ரோட்டில் எழுபது கட்டைக்கு மேல். மைல்கல்லைத்தான் அங்கே கட்டை என்பார்கள்.

"நம்ம ராவுத்தரு வண்டியில போயி கூட்டியாந்திரலாம்," என்றார் பிச்சைமுத்து.

அவர் மனைவி ராக்காயி அடுப்படியில் மரவள்ளிக் கிழங்கை உரித்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"அந்த வண்டி குலுங்குமா, குலுங்காதா?"

"எனக்கு ஒண்ணும் குலுங்கினது இல்லயே."

"நீங்க முன்னால ஒக்காருறீங்க. கைல புடிச்சுக்க வளையம் இருக்கு. அவ பின்னால ஒக்காருவா. பின்னால எப்படி இருக்கும்?"



மறுநாள் காலை பிச்சைமுத்து தன் சிநேகிதர் பத்துமலையை அழைத்து ராவுத்தரின் காரை ஓட்டச் சொன்னார். பத்துமலை ஈயச் சுரங்கத் தவ்கே ஒருவரின் காரை ஓட்டுகிறவர். சிரிக்கச் சிரிக்கப் பேசுவார். பிச்சைமுத்து பின்னால் ஏறி உட்கார்ந்தார். ராக்காயி பக்கத்தில் உட்கார்ந்து, கழுத்து வரை தண்ணீர் நிரப்பிய சொம்பு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டாள்.

"எதுக்கு அக்கா சொம்பு?" என்றார் பத்துமலை.

"எம்புட்டுச் சிந்துதுன்னு பாக்கத்தான். நீ ஓட்டு."

மெங்லெம்புவைப் பார்த்து வண்டி கிளம்பியது. சுண்ணாம்புக் குன்றுகளின் இடுப்பில் இன்னும் மூட்டம் கலையவில்லை. ரோட்டின் இருபக்கமும் சுரங்கத்து வெள்ளை மணல் மேடுகள். நல்ல ரோடுதான், வெள்ளம் வந்தபின்தான் பள்ளம் விழுந்திருந்தது. முதல் பள்ளத்திலேயே பிச்சைமுத்துவின் தலை மேல்கூரையின் கம்பியில் இடித்தது. சக்கரத்துக்கு நேர் மேலே இருந்தது பின்சீட்டு. முன்னால் ஒரு அசைவாகத் தெரிவது பின்னால் ஒரு உதையாக வந்து சேர்ந்தது. நடுவில் குதிரைமயிர் நசுங்கிப் பலகை தட்டியது. ஓரத்தில் ஒரு சுருள்கம்பி உடைந்து தொடையில் குத்தியது. இரண்டாவது கட்டைக்குள் சொம்பில் பாதித் தண்ணீர் ராக்காயியின் சேலையில் இருந்தது.

"நிறுத்து," என்றார் பிச்சைமுத்து. இறங்கிச் சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். "எட்டு வருஷமா சனங்கள இதுலயா ஏத்திக்கிட்டுப் போனேன்? ஒருத்தனும் ஒரு வார்த்த சொல்லலியே."

"கார்ல போறோம்ங்கிற பெருமையில வலி தெரியாது அண்ணே," என்றார் பத்துமலை.

கெக்காபு என்கிற இலவம்பஞ்சு மெத்தையை மடித்துப் போட்டுப் பார்த்தார்கள். மெத்தை வழுக்கிக்கொண்டு முன்னால் வந்தது. கயிறு போட்டுக் கட்டிப் பார்த்தார்கள். சீட்டு உயரமாகிக் கால் தரையில் எட்டவில்லை. கால் தொங்கினால் இடுப்பு கடுக்கும் என்றாள் ராக்காயி. அதோடு அந்த யோசனை முடிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பத்துமலை தன் தவ்கேயின் காரைத் தம்பூன் ரோட்டில் ஓட்டிக்கொண்டு வந்தார். தவ்கே சீனப் புத்தாண்டுச் சாமான் வாங்க பினாங்குக்குப் போயிருந்தார். நீளமான பச்சைக் கார். பின்சீட்டு ஒரு முழ ஆழத்துக்கு மெத்தென்று இருந்தது. கை வைத்தால் கை புதைந்தது. ராக்காயி உட்கார்ந்ததும் அவளை அறியாமலே, "அடேயப்பா," என்றாள்.

"எப்படி? நான் சொல்லல?" என்றார் பத்துமலை. "தவ்கே பொஞ்சாதி இதுல ஒக்காந்தா எறங்கவே மாட்டாங்க லா. ராணி மாரி."

பிச்சைமுத்து முன்னால் இருந்து திரும்பித் திரும்பிப் பார்த்தார். சொம்புத் தண்ணீர் அப்படியே இருந்தது. அவருக்கு மனசு லேசாகிவிட்டது. தம்பூன் தாண்டி, தஞ்சோங் ரம்புத்தான் போகிற ரோட்டில் ஐந்தாறு கட்டை போயிருப்பார்கள். ராக்காயி பேச்சை நிறுத்தியிருந்தாள். பிறகு தோளைத் தட்டினாள். வண்டி நின்றதும் இறங்கி, ஓரத்து லாலான் புல்லில் குனிந்து வாந்தியெடுத்தாள்.

"என்னக்கா, காலையில என்ன சாப்பிட்ட?"

"சாப்பாட்டுல ஒண்ணும் இல்ல." வாயைக் கொப்பளித்துவிட்டுச் சொன்னாள். "ஒக்காந்த ஒடனே நல்லாத்தான் இருக்கு. அப்புறம் பாரு, ஆளு உள்ள போயிருது. முட்டி மேல வருது. நான் வெறும் வயித்துக்காரி, எனக்கே வயித்த அமுக்குது. வண்டி திரும்பினா ஒடம்பும் திரும்புது, தொட்டில்ல போட்டு ஆட்டின மாரி. நெறமாசக்காரி எழுபது கட்டை இதுல வருவாளா?"

"சொம்பு சிந்தலியே," என்றார் பிச்சைமுத்து.

"சொம்புக்கு இடுப்பு இருக்கா?"

பத்துமலை சிரித்தார். அவர்கள் இருவரும் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார். கொஞ்ச நேரம் காரின் முகப்பைத் துடைத்துக்கொண்டிருந்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"ஒரு வண்டி இருக்கு அண்ணே. நான் அதுல ஒக்காந்து பாத்துருக்கேன். இடுப்பு நோவு உள்ள ஆளு, தனக்குன்னு செஞ்சு வச்சிருக்காரு. மூணு கார்ல ஏறி எறங்கிப் பாத்து வாங்கினாரு. அதுக்கப்புறமும் சீனத் தையக்காரன்கிட்ட குடுத்து, அடியில தேங்கா நாரு, மேல குதிரமயிரு, அதுக்கு மேல பஞ்சுன்னு பிரிச்சுத் தச்சிருக்காரு. முதுகு நேரா நிக்கும். கால் தரையில பதியும்."

"யாரு?" என்றாள் ராக்காயி.

பிச்சைமுத்து பத்துமலையைப் பார்த்து, சொல்லாதே என்று தலையசைத்தார். பத்துமலை அதைக் கவனிக்கவில்லை.

"காண்ட்ராக்டர் பழனியப்பன். அண்ணன வண்டி ஓட்ட வரச்சொல்லி ஒரு வருஷமா ஆள் அனுப்புறாரே, சொல்லலியா?"

ராக்காயி புருஷனைப் பார்த்தாள். அவர் குன்றுகளைப் பார்த்தார்.

பழனியப்பன் இப்போது ரோடு போடுகிற காண்ட்ராக்டர். ஒன்பது வருஷத்துக்கு முன் அவர் செம்மோர் பக்கம் கோயிலடித் தோட்டம் என்ற ரப்பர்த் தோட்டத்தில் கங்காணி. பிச்சைமுத்துவும் ராக்காயியும் அவர் பிரட்டில் பேர் கொடுத்து, அவர் ஆட்களாக ரப்பர்ப் பால் வெட்டியவர்கள். 1918-ல் விஷக்காய்ச்சல் வந்து, லயத்தில் தினம் ஒரு சாவு விழுந்த மாதம் அவர்களுடைய மகன் சீனி படுத்தான். ஆறு வயசு. நான்காம் நாள் மூச்சு இழுக்கத் தொடங்கியது. பிச்சைமுத்து கங்காணி வீட்டுக்கு ஓடினார். வாசலில் இரண்டு மாட்டு வண்டிகள் நின்றன. மாடுகள் புல் தின்றுகொண்டிருந்தன. மறுநாள் அரிசி ஏற்றப் போக வேண்டும், மாட்டைக் களைக்கவிட முடியாது என்றார் கங்காணி. ஒருத்தனுக்குக் கொடுத்தால் லயம் பூராவும் வந்து நிற்கும் என்றார். பிச்சைமுத்து பையனைத் தோளில் போட்டுக்கொண்டு ஈப்போவுக்கு நடந்தார். ராக்காயி பின்னால் நடந்தாள். தோளில் தலை சாய்ந்திருந்ததால் பையனின் முகம் அவளுக்குத்தான் தெரிந்தது. ஐந்தாவது கட்டைக்குப் பக்கத்தில் அவள், "எறக்குங்க," என்றாள். அவர்கள் மறுபடி தோட்டத்துக்குப் போகவில்லை. ஈப்போவில் ராவுத்தர் கடையில் மூட்டை தூக்கி, பிறகு அவர் காரிலேயே பிச்சைமுத்து ஓட்டக் கற்றுக்கொண்டார்.

தம்பூன் ரோட்டிலிருந்து திரும்பிய அன்று சாயந்திரம் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரைச் சத்தத்தில் ராக்காயி ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டே கேட்டாள்.

"ஆள் அனுப்பினத ஏன் சொல்லல?"

"என்னத்தச் சொல்ல? போப்போறதில்லன்னு ஆயிப்போச்சு. சொன்னா நீ பழசையெல்லாம் நெனப்ப."

"சொல்லாட்டி நெனக்க மாட்டேனா?"

அவர் கூரை ஒழுகுகிற இடத்தில் ஒரு சட்டியை நகர்த்தி வைத்தார்.

"நாளைக்குப் போவோம்," என்றாள். "ஒக்காந்து பாத்தாத்தான் தெரியும்."

"ராக்கு, அவன் வாசல்ல மறுபடியும் போயி வண்டின்னு நிக்கச் சொல்றியா?"

"நீங்க நிக்க வேணாம். நான் நிக்கிறேன்." கரண்டியைக் கழுவி வைத்தாள். "ஒண்ணத் தோள்ல போட்டு நடந்தோம். இன்னொண்ணு ரயில் டேசன்ல போச்சு. இது மூணாவது. எனக்கு ரோசம் பாக்க நேரமில்ல."

பழனியப்பன் குனோங் ராப்பாட்டில் புதிதாகக் கட்டிய பலகை வீட்டில் இருந்தார். தலை நரைத்து, கொஞ்சம் பருத்திருந்தார். எழுந்து வரும்போது இடுப்பில் கை வைத்துக்கொண்டார். பிச்சைமுத்துவைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"வா பிச்சமுத்து! வர மாட்டேன்னுல்ல சொல்லியனுப்பின? நம்ம தோட்டத்து ஆளு, நீ வேற எவனுக்கோ ஓட்டுறது எனக்கே நல்லா இல்ல. வா, உள்ள வா."

"ஒரு காரியமா வந்தோம் கங்காணி," என்று பிச்சைமுத்து தொடங்கினார். மீதியை ராக்காயி சொன்னாள். மகளின் நிலைமை, தூரம், டிரஸ்ஸர் சொன்னது எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். கெஞ்சுகிற குரல் இல்லை.

பழனியப்பன் முழுவதும் கேட்டார். "இதுக்கா இம்புட்டு யோசன? எடுத்துக்கிட்டுப் போங்க. ரெண்டு நாளு எனக்கு வண்டி வேணாம். ஆனா பிச்சமுத்து, ஒண்ணு. என் வண்டியோட்டி ஊருக்குக் கப்பலேறிட்டான். தஞ்சோங் மாலிம்லேர்ந்து பாரிட் புந்தார் வரைக்கும் எனக்கு வேல நடக்குது. மாசாமாசம் நீளப் பயணம். இங்க இருக்கிற பசங்க ஓட்டுற ஓட்டுல என் இடுப்பு ஒடியுது. மாசி ஒண்ணாந்தேதிலேர்ந்து நீ வரணும்."

"மொதல்ல ஒக்காந்து பாக்குறோம்," என்றாள் ராக்காயி.

அவர் சிரித்தார். "அதுவும் சரிதான். நானும் அப்படித்தான் வாங்கினேன். அஞ்சு நிமிசம் ஒக்காந்து பாக்காத. கோப்பெங் வரைக்கும் போயிட்டு வா."

சொம்பை அவள் கொண்டுவரவில்லை. பின்சீட்டில் ஏறி, முதுகைச் சாய்த்து, இரண்டு காலையும் பதித்து உட்கார்ந்தாள். பிச்சைமுத்து ஓட்டினார். கோப்பெங் வரை பின்னாலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அங்கே ஒரு மரத்தடியில் நிறுத்தி, "எப்படி இருக்கு?" என்று கேட்டார். அவள் வெளியே பார்த்தபடி, "திருப்புங்க," என்றாள். பழனியப்பன் வீட்டு வாசலில் இறங்கியவள் அவரைத் தாண்டி நடந்து ரோட்டுக்குப் போய்விட்டாள். பிச்சைமுத்து பின்னால் ஓட வேண்டியிருந்தது.

"என்ன, சரியில்லையா?"

அவள் நின்றாள்.

"தூங்கிட்டேங்க," என்றாள், ஏதோ தப்புச் செய்தவள் போல. "பாதி வழியில தூங்கிட்டேன். அந்தப் பாவி வண்டியில எனக்குத் தூக்கம் வந்திருச்சு."

ராவுத்தரிடம் சொல்வதுதான் பிச்சைமுத்துவுக்குக் கஷ்டமாக இருந்தது. கடையில் வெள்ளத்தில் நனைந்த பருப்பை ஆட்கள் வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தார்கள். ராவுத்தர் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார்.

"எங்கிட்ட இருக்கிறது நல்ல சீட்டு இல்லன்னு ஒருத்தரும் சொல்லலியே பிச்ச."

"எனக்கே போன வாரம்தான் தெரிஞ்சுச்சு மொதலாளி."

"மாத்தித் தைக்கச் சொல்றேன். பத்து நாளு பொறு."

"பத்து நாளு பொறுக்கக் கூடாதுங்குறா. அங்க காய்ச்சலு. ஒம்பதாம் மாசம் ஆயிட்டா அப்புறம் எந்த வண்டியிலயும் ஏத்த முடியாது."

ராவுத்தர் குனிந்து நனைந்த பருப்பில் ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்த்தார். அவருக்கும் பழைய கதை தெரியும். முதல்நாள் கடைக்கு வந்து நின்ற பிச்சைமுத்துவின் தோளில் பையனைப் போர்த்திய துணி அப்படியே கிடந்ததைப் பார்த்தவர்.

"அந்தாளுக்கு ஓட்டுவியா?"

"ஓட்டித்தான் ஆகணும்."

"போ. புள்ள நல்லபடியா வரட்டும்." பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, "என் வண்டிச் சாவிய மேசையில வச்சிட்டுப் போ," என்றார். ஆனால் அன்று மாலை அவர் மனைவி மெஹர்பானு ஒரு தலையணையும், இஞ்சி மொரப்பா அடைத்த ஜாடியும் கொடுத்தனுப்பினாள்.

மறுநாள் பிச்சைமுத்துவும் ராக்காயியும் பழனியப்பன் காரில் விடியற்காலையில் கிளம்பி, நடுப்பகலுக்கு முன் ஹுத்தான் மெலிந்தாங் போய்ச் சேர்ந்தார்கள். தோட்டத்துக் கால்வாய்களில் வெள்ளத்தில் விழுந்த தேங்காய்கள் முளைவிட்டு மிதந்தன. லயத்தின் சுவர்களில் சேறு காய்ந்து வெடித்திருந்தது. பாப்பா இளைத்துப்போய், வயிறு மட்டும் பெரிதாக வாசலில் நின்றாள். ஐயாவு அவளைக் கைத்தாங்கலாக அழைத்துவந்து காரில் ஏற்றினான். இரண்டு கொட்டகைகளில் நெருப்பில் காய்கிற கொப்பரையை விட்டுவர முடியாததால் அவன் கூட வரவில்லை. இளநீர் நான்கை வெட்டிக் காலடியில் வைத்துவிட்டு, "பையப் போங்க மாமா," என்று மட்டும் சொன்னான்.

பாப்பா சீட்டைத் தடவிப் பார்த்தாள். "ரொம்ப நல்ல வண்டியா இருக்கே. யாரு வண்டிப்பா?"

பிச்சைமுத்து கைப்பிடியைச் சுற்றிக் காரைக் கிளப்புவதில் கவனமாக இருந்தார். ராக்காயி சொன்னாள்.

"கங்காணி பழனியப்பன் வண்டி."

தம்பி போனபோது பாப்பாவுக்குப் பத்து வயசு. அவள் சீட்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். முதுகு தானாக நிமிர்ந்து முன்னால் வந்தது.

"எறங்கிரட்டுமாம்மா?"

"சும்மா கெட. முதுக நல்லா சாச்சுக்க. கால நீட்டு."

தெலுக் ஆன்சன் வரை பாப்பா சாயவில்லை. அதற்குப் பிறகு உடம்பு தானாகச் சாய்ந்தது. பத்துக் கட்டைக்கு ஒருமுறை பிச்சைமுத்து வண்டியை நிறுத்தினார். மகள் இறங்கி நான்கு எட்டு நடந்துவிட்டு ஏறுவாள். ஒரு நிழலில் நிறுத்தி, கட்டிக் கொண்டுவந்த புளிச்சோற்றையும் வறுத்த கருவாட்டையும் சாப்பிட்டார்கள். பாப்பா இரண்டு பங்கு தின்றாள். ராக்காயி தன் பங்கையும் அவள் இலையில் தள்ளினாள்.

சங்காட் ஜோங் தாண்டி பீடோர் போகிற வழியில், சதுப்பு நிலத்துக்கு நடுவே ஒரு பாலம் அடித்துப்போயிருந்தது. குறுக்கே பலகை போட்டிருந்தார்கள்; காலையில் வரும்போதும் அதன்மேல்தான் கடந்திருந்தார்கள். பிச்சைமுத்து இறங்கிப் பலகைகளைக் காலால் உதைத்துப் பார்த்தார். மகளை இறக்கி நடத்திவிட்டு, காரை அங்குலம் அங்குலமாக ஓட்டி அக்கரை சேர்த்தார். திரும்பிப் பார்த்தபோது பாப்பா பாலத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள்.

"வலிக்குது," என்றாள்.

ராக்காயி அவளைக் காரில் சாய்த்து வைத்து, வயிற்றில் உள்ளங்கையைப் பதித்தாள். வயிறு கல்லாக இருந்தது. பிச்சைமுத்து வெளியே நின்றார். அந்த ரோட்டில் முன்னும் பின்னும் ஒரு வீடு இல்லை. சதுப்பில் தவளைகள் கத்தின. எங்கேயும் போக முடியாது, எதுவும் செய்யவும் முடியாது. தோளில் கிடந்த துண்டை எடுத்து இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டே இருந்தார்.

"ஓட்டவா?" என்று கேட்டார்.

"ஓட்டாதீங்க. அசையாம நில்லுங்க. வண்டிய சாச்சுக்கிட்டும் நிக்காதீங்க."

முக்கால் மணி நேரம் அப்படியே கழிந்தது. சீட்டின் முதுகில் மெஹர்பானுவின் தலையணையைக் கொடுத்து, மகளை இடப்பக்கம் ஒருக்களித்துக் காலை நீட்டவைத்தாள் ராக்காயி. இஞ்சி மொரப்பாவை வாயில் வைத்தாள். மழை தூறத் தொடங்கி நின்றது. அவள் உள்ளங்கையின் கீழே வயிறு இளகியது. கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து ஒரு உதை வந்தது. ராக்காயி வேறு ஒன்றும் சொல்லாமல், "இப்ப ஓட்டுங்க," என்றாள்.

பீடோருக்கு அப்புறம் பாப்பா தூங்கிவிட்டாள். தாப்பா, கம்பார், கோப்பெங் எதுவும் அவளுக்குத் தெரியாது. விளக்கு வைக்கிற நேரத்தில் ஈப்போ வந்து சேர்ந்தபோது அவளை எழுப்பித்தான் இறக்க வேண்டியிருந்தது.

ஐந்து வாரம் கழித்து பாப்பாவுக்குப் பெண்குழந்தை பிறந்தது. லாகாட் ரோட்டில் பிள்ளை பார்க்கிற இருளாயி வந்து எடுத்தாள். தாய்க்கும் பிள்ளைக்கும் பழுதில்லை. பழனியப்பன் ஒரு டின் பிஸ்கட் கொடுத்தனுப்பினார். ராக்காயி அதைப் பிரிக்காமல் பரண்மேல் போட்டாள்.

பிச்சைமுத்து சொன்னபடி மாசி ஒண்ணாந்தேதியே வேலைக்குச் சேர்ந்திருந்தார். பழனியப்பன் கெட்ட முதலாளி இல்லை. வழியில் தான் சாப்பிடும்போது ஓட்டுகிறவனும் சாப்பிட்டானா என்று கேட்பார். பின்சீட்டில் சாய்ந்துகொண்டு ஓயாமல் பேசுவார். பங்குனியில் ஒருநாள் பாரிட் புந்தாருக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். தைப்பிங் தாண்டி, இருபுறமும் அறுவடை முடிந்த வயல்கள். கொக்குகள் தாளடியில் மேய்ந்தன. பேரப்பிள்ளையைப் பற்றி விசாரித்த பழனியப்பன் அந்தப் பேச்சிலேயே கேட்டார்.

"ஒனக்கு இந்த ஒரு பொண்ணுதானா பிச்சமுத்து?"

"இல்லங்க. ஒரு பையன் இருந்தான்."

"அப்படியா? எனக்கு ஞாபகம் இல்லியே. எங்க இருக்கான்?"

"கோயிலடித் தோட்டத்துல இருந்தப்பத் தவறிட்டான். அந்த விசக்காய்ச்சல்ல."

"அடடா. அந்த மாசம் எத்தன உசிரு." பழனியப்பன் உச்சுக் கொட்டினார். "ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகலியா?"

பிச்சைமுத்து ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார். எதிரே நெல் ஏற்றிய மாட்டு வண்டி ஒன்று வந்தது. அதற்கு வழிவிட்டுக் காரை ஓரம் கட்டி, அது போனபிறகு மறுபடி நடுவில் எடுத்தார்.

"கேட்டேங்க," என்றார். "வண்டி கெடைக்கல."

அதைச் சொல்லும்போது அவர் குரலில் எதுவும் இல்லை. யாரிடம் கேட்டது என்று அவர் சொல்லவில்லை. பின்னாலிருந்து அடுத்த கேள்வி வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. பாகான் செராயில் காப்பி குடிக்க நிறுத்தினபோது பழனியப்பன் இறங்கவில்லை. பாரிட் புந்தாரில் வேலையைப் பார்த்தார்; ஆட்களைத் திட்டினார்; கல்லை அளக்கச் சொன்னார். திரும்பி ஈப்போ வரும்வரை பேசவில்லை.

அடுத்த திங்கட்கிழமை தஞ்சோங் மாலிம் போக வேண்டியிருந்தது. பிச்சைமுத்து வழக்கம்போலப் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். பழனியப்பன் படியிறங்கி வந்தார். திறந்த கதவைப் பார்த்தார். அதைத் தாண்டிப் போய், முன்னால், ஓட்டுகிறவர் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தார்.

"எடு," என்றார்.

அன்று மட்டுமல்ல, அந்த மாதம் முழுவதும் அப்படித்தான். பின்சீட்டில் அளவு நாடாவும் குடையும் மட்டும் போயின.   சாயந்திரங்களில் காரை விட்டு இறங்கும்போது பழனியப்பன் கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் வளைந்தே நிற்பார்.

ஒருநாள் வீட்டில் சோறு தின்றுகொண்டிருக்கும்போது பிச்சைமுத்து இதை ராக்காயியிடம் சொன்னார். கேட்டதையும், தான் சொன்ன பதிலையும் சேர்த்துத்தான் சொன்னார். ராக்காயி கால் நீட்டி உட்கார்ந்து பேத்தியைக் காலில் குப்புறப் போட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். குழந்தை வீரிட்டு அழுதது. அவள் முதுகைத் தேய்த்து முடித்துத் திருப்பிப் போட்டாள்.

"முன் சீட்டு எப்படி இருக்கும்?" என்று கேட்டாள்.

"கட்டையா இருக்கும். அத மாத்தித் தைக்கல. கீழேருந்து எஞ்சின் சூடு வேற. இடுப்பு நோவுக்காரன் அம்புட்டுத் தூரம் ஒக்கார முடியாது."

ராக்காயி உள்ளங்கையில் மறுபடி எண்ணெய் ஊற்றிக்கொண்டாள்.

"ஒக்காரட்டும்," என்றாள்.